படியோரத்துப் பூளை

தோட்டம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பொருள் உண்டு. என் பிள்ளைகளுக்குத் தோட்டம் என்றால், தென்னக்கும்புரவில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பத்துப் பேர்ச் நிலம்; ரோஜாவும் குரோட்டனும் ஒரு பலா மரமும் நிற்கும் இடம். என் அன்னையாருக்கோ, புசல்லாவைக்கு அப்பால் அவர் பிறந்து, வளர்ந்து, கொழுந்துக் கூடை சுமந்த தேயிலைத் தோட்டந்தான் தோட்டம். ஆதலால், “தோட்டத்தில ஒரு செடி வைக்கணும், தம்பி” என்று 2022ஆம் ஆண்டுப் பொங்கல் கழிந்த மறுவாரம் அவர் சொன்னபோது, எந்தத் தோட்டத்தைக் குறிக்கிறார் என்று விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவர் கேட்ட செடி பூளை. சிறுபூளை என்றும் அதனைச் சொல்வர். பார்த்தறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள்: முழங்காலுக்கு மேல் உயராத சிறு செடி. மெல்லிய தண்டுகள் அடியிலிருந்தே பலவாகக் கிளைத்துச் சில நிமிர்ந்தும் சில நிலத்தோடு சாய்ந்தும் வளரும். இலை கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிது. இலையிலும் தண்டிலும் மெல்லிய வெண்மயிர் அடர்ந்திருப்பதால், வெயில் வேளையில் எட்ட நின்று பார்த்தால் யாரோ செடி முழுவதற்கும் திருநீறு தூவி வைத்தாற்போல வெள்ளி நிறமாகத் தோன்றும். இலைக் கக்கங்களிலே பஞ்சுத் துணுக்குகளைப் போலப் பூக்கள் நெருங்கிப் பூத்திருக்கும். ஒரு போகம் வளர்ந்து மடியும் செடியன்று அது. அடிவேர் கட்டையாகி ஊன்றிவிட்டால், ஒடிக்க ஒடிக்கத் தளிர்த்து, ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கும். தாவர நூலார் இதனைத் தண்டுக்கீரையின் குடும்பத்திலே சேர்த்து, ஏர்வா லனாட்டா என்று பெயரிட்டிருக்கின்றனர். லனாட்டா என்றால் கம்பளி மயிர் போர்த்தது என்று பொருள். பெயர் வைத்தவர் செடியைத் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

இத்தகைய செடியை என் அன்னையார் அறுபத்தைந்து வயது வரையில் கண்ணாற் கண்டதில்லை. காணாத செடிமீது ஆசை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது என் அம்மாயி வைத்துப்போன ஆசை.

அம்மாயியின் பெற்றோர் நாமக்கல் பக்கத்திலிருந்து இந்நாட்டுத் தேயிலைக்கு வந்தவர்கள். கொங்கு நாட்டிலே பொங்கலுக்கு முதல் நாளாகிய போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி, வீட்டு இறப்பிலும் மாட்டுக் கொட்டிலிலும் வயலின் மூலையிலும் செருகி வைப்பர். அதற்குக் காப்புக் கட்டு என்று பெயர். அம்மாயியின் பெற்றோர் அந்த வழக்கத்தை லயத்துக் காம்பராவுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பூக்களைத்தான் கொண்டுவர இயலவில்லை. குளிர்ந்த அந்த மலையில் வேம்பு இல்லை, ஆவாரை இல்லை, பூளையும் இல்லை. எனவே, வேப்பிலைக்குப் பதில் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்தின் கொத்து. (நாங்கள் சவுக்கு என்பது இந்தியக் கடற்கரைச் சவுக்கன்று; அவர்கள் சில்வர் ஓக் என்று சொல்லும் மரம்.) ஆவாரம்பூவுக்குப் பதில் வழியோரத்துக் காட்டுச் சூரியகாந்தி. பூளைக்குப் பதில், மொட்டை மலைச் சரிவிலே வெள்ளை வெள்ளையாய் ஆடும் இலுக்குப் புல்லின் பூ. “இது பூளை இல்லை, பூளை மாதிரி” என்று ஒவ்வோர் ஆண்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அம்மாயி அதைக் கட்டுவாராம். தெய்வத்தை ஏமாற்றியதாக ஆகிவிடக் கூடாதல்லவா?

அம்மாயிக்குப் பெண்கள் இருவர். மூத்தவர் என் பெரியம்மா. இளையவர் என் அன்னை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியதும், 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்டதும், எஞ்சியவர்கள் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டதும் மாணவர்கள் வரலாற்றிலே படித்திருப்பார்கள். எண்களாகப் படிக்கும்போது அவை எளிதாகத்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்தப் பங்கீடு ஒரே காம்பராவுக்குள் நடந்தது. பெரியம்மாவின் கணவர் வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள். அம்மாயி இங்கே போட்டிருந்தார். 1973ஆம் ஆண்டு, இருபது வயதுப் பெரியம்மா கைக்குழந்தையோடு கம்பளை நிலையத்தில் வண்டி ஏறினார். தலைமன்னார் வரை இரயில், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அந்த இரயிலை எங்கள் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள், விளக்கம் வேண்டியதில்லை. என் அன்னைக்கு அப்போது பதினாறு வயது. அதன்பின் அக்காளும் தங்கையும் நேரில் சந்தித்ததில்லை.

தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றிலே, கோத்தகிரிப் பக்கம், பெரியம்மாவுக்கு வேலை கிடைத்தது. மலையை விட்டுப் போய் மீண்டும் மலை. தேயிலையை விட்டுப் போய் மீண்டும் தேயிலை! அங்கும் குளிர், அங்கும் பூளை முளைப்பதில்லை. ஆயினும் ஒரு பொங்கலுக்கு மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்கியவர், பூளைப்பூ கட்டுக் கட்டாகக் குவித்து விற்கப்படுவதைக் கண்டுவிட்டார். அம்மா சொன்ன பூளையை வாங்கிவிட்டேன் என்று எழுதி, கடித உறைக்குள்ளே நாலைந்து காய்ந்த கதிர்களையும் வைத்து அனுப்பினார். அம்மாயி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அம்மாயி மறைந்தபின் அந்த உறை என் அன்னையின் தகரப் பெட்டிக்கு வந்தது.

2022இல் நடந்தது இதுதான். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபின் சகோதரிகள் இருவரும் மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்வார்கள். அந்தப் போகியன்று பெரியம்மா தம் வீட்டு வாசற்படிக் காப்பைக் காட்டினார். வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக அது அழகாகத்தான் இருந்தது. எங்கள் வாசலைக் காட்டுமாறு அவர் கேட்டார். அங்கே மாவிலைத் தோரணம் மட்டுமே தொங்கியது. கண்டிக்குக் குடிவந்த பிறகு இலுக்குப் பூவுக்குக்கூட வழியில்லை. அன்னையார் தொலைபேசியை வாசற்பக்கம் திருப்பவில்லை. பேச்சை மாற்றிவிட்டார். மறுவாரந்தான், தோட்டத்தில் ஒரு செடி வைக்க வேண்டும் என்றார்.

முதலில் பெட்டியிலிருந்த உறையைப் பிரித்தேன். கதிர்களைக் கசக்கினால் கடுகினும் சிறிய கறுப்பு விதைகள் சில உதிர்ந்தன. அவற்றைத் தட்டிலே மணலிட்டுத் தூவி மூன்று கிழமைகள் காத்திருந்தேன். நாற்பது ஆண்டு உறங்கிய விதைகள் எழும்பவில்லை. (கடல் கடந்து விதை அனுப்புவது சட்டப்படி தகாது என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அந்தக் குற்றத்தை இயற்கையே தள்ளுபடி செய்துவிட்டது.) பின்னர்ப் பேராதனை வீதியோரத்துச் செடிக் கடைகளில் கேட்டேன். பூளை என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதது அவர்கள் குற்றமன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிய தொண்ணூற்றொன்பது பூக்களுள் குரீஇப் பூளையும் ஒன்று. அதற்குச் சிறுபூளை என்று பொருள் சொல்லிப் பல ஆண்டுகளாக வகுப்பிலே கடந்துபோயிருக்கிறேன். ஒரு மாணவராவது, “ஐயா, அது எப்படியிருக்கும்?” என்று கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். நல்ல வேளையாக, நம் மாணவர்கள் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

விடை மதிலுக்கு அப்பால் இருந்தது. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் வாழ்கிறார். அன்னையாரும் அவரும் மாலை வேளைகளில் மதிலோரம் நின்று, இவருடைய அரைகுறைச் சிங்களத்திலும் அவருடைய அரைகுறைத் தமிழிலும் முழுமையாகப் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் தொலைபேசியில் பூளையின் படத்தை அவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். “டீச்சர் எதற்குச் சிரிக்கிறீர்கள்?” என்றேன். உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்து நீட்டினார். நறுக்கிக் காயவைத்த தண்டும் இலையும் பூவுமாக, வைக்கோல் நிறத்தில் ஏதோ இருந்தது. “பொல்பலா” என்றார். அவர் நாள்தோறும் காலையில் கருப்பட்டி கடித்துக்கொண்டு குடிக்கும் பானம்! என் அன்னையார் அவர் வீட்டில் எத்தனையோ முறை அதை வாங்கிக் குடித்திருக்கிறார்.

பொல் என்றால் தேங்காய். பலா என்றால் கீரை. மறுநாள் கல்லூரியில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “எங்களூரிலே தேங்காய்ப்பூக்கீரை என்பது அதுதானே!” என்றார் அவர். துருவிய தேங்காய் சிந்தினாற்போலப் பூக்கும் செடியைச் சிங்களவரும் வடபுலத்துத் தமிழரும் ஒரே கண்ணால் பார்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் மட்டும் மூன்று தலைமுறையாக வேறு பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தோம்.

அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் டீச்சரிடம் வேறிரண்டு டப்பாக்களும் உண்டு. இந்நாட்டில் மூலிகைப் பானம் விற்கும் கடைகளில் பெலிமல், ரணவரா, பொல்பலா என்ற மூன்றையும் காணாதவர் இரார். பெலிமல் வில்வம்பூ. பொல்பலா பூளை. ரணவரா எது என்று அன்றிரவு நூல்களைப் புரட்டினேன், ஆவாரை! சிவனுக்கு அருச்சிக்கும் மரத்தின் பூவும் போகிக் காப்பின் பூக்கள் இரண்டும் நம் அயலவர் வீட்டு அடுக்களையிலே வரிசையாக நிற்கின்றன. இதை அன்னையாரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ அம்மா இத்தனை வருஷம் பூளை இல்லை, பூளை மாதிரின்னு சொல்லி இலுக்கைக் கட்டினாங்களே” என்று மட்டும் சொன்னார்.

டீச்சரே செடிக்கும் வழி சொன்னார். கண்டிக்குக் கிழக்கே திகன, தெல்தெனிய என்று தும்பறைப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் மழை குறையும். வரண்ட வழியோரங்களில் பொல்பலா கேட்பாரற்று முளைத்திருக்கும் என்றார். அது பெற்றோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், பாதையோரத்துச் சரளைக் கற்களிடையே நின்ற இரண்டு செடிகளைப் பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தேன். வேரிலிருந்து மெல்லிய கர்ப்பூர மணம் வந்தது. அன்னையார் செடியை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். “ஆட்டுக்குட்டிக் காது மாதிரி இருக்கு” என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பிழை. வீட்டிலே மிகச் சிறந்த மண் ரோஜாப் பாத்தியில் இருந்தது, அங்கே நட்டேன். மாட்டெருவிட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். இரண்டு மாதத்தில் ஒரு செடி மடிந்தது. மற்றது வளர்ந்தது, ஆனால், பூளையாக வளரவில்லை. தண்டு நீண்டு, இலை அகன்று, வெள்ளி நிறம் போய் வெறும் பச்சையாகிவிட்டது. பிறகு, தென்மேல் பருவ மழையில் அதன் அடித்தண்டும் கறுத்து அழுகியது.

காரணத்தைப் பின்னரே படித்தறிந்தேன். வெள்ளியிலைச் செடிகள் பெரும்பாலும் வெயிலும் வரட்சியும் மிகுந்த இடங்களுக்குரியவை. இலையின் வெண்மயிர் கடும் வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது. இலையை ஒட்டிய காற்றை அசையாமல் பிடித்து வைத்து, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்கிறது. நிழலும் நீரும் தாராளமாகக் கிடைத்தால் செடிக்கு அந்தப் போர்வை வேண்டியிருப்பதில்லை, மயிர் ஐதாகிவிடுகிறது. அதே மயிர் மழைக்காலத்திலே நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சணத்துக்கும் இடங்கொடுக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இரண்டு பருவ மழையும் எட்டும் கண்டியில், நிழலும் எருவும் தண்ணீருமாக நான் அதைச் சீராட்டியது எத்தகைய உபசாரம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

2023இல் மீண்டும் போய்க் கொண்டுவந்தேன். இம்முறை சட்டியில் பாதி மணலும் பாதிச் சரளையும் இட்டு, வாசற்படிகளின் மேல் வெயிலில் வைத்தேன். அது பரவாயில்லை, வெள்ளியாகவே நின்றது, பூத்தது. ஆனால் ஆணிவேர் ஆழமாக இறங்க விரும்பும் செடிக்குச் சட்டி போதாது போலும். ஐப்பசி மழையில் சட்டியின் அடித்துளை அடைபட்டதை நான் கவனிக்காமல் போக, அதுவும் முடிந்தது. அந்தப் போகிக்கும் மாவிலைதான். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அவ்வாண்டு அவருக்குச் சிறுநீரகம் பலவீனமடைந்திருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாதது எல்லாம் எனக்குக் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

இவ்விடத்தில் ஒரு செய்தி. சிறுநீரகக் கல்லுக்குப் பூளை நல்லது என்று நம் சித்த மருத்துவமும் சிங்கள வைத்தியமும் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. டீச்சரும் அன்போடு ஒரு பொட்டலம் கொடுத்தார். மருத்துவரைக் கேட்டேன். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்கள் எந்தப் பச்சிலைக் கஷாயத்தையும் தாமாகக் குடிக்கக் கூடாது என்று அவர் திட்டமாகத் தடுத்துவிட்டார். அன்னையாருக்கு அது பெரிய மனக்குறை. “கண்ணுக்கு மட்டுந்தானா பூளை?” என்றார்.

2024ஆம் ஆண்டு நான் செடி தேடிப் போகவில்லை. தோற்றுப்போனவனாக இருந்தேன் என்று சொல்லலாம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, வீட்டைத் துப்புரவு செய்யும் சாக்கில் வாசற்படிகளின் வெடிப்புகளில் முளைத்திருந்த களைகளைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு சரிவிலே இருப்பதால் பாதையிலிருந்து பதினான்கு படிகள் ஏறிவர வேண்டும்; மேற்கு வெயில் முழுவதும் அந்தச் சீமெந்தின் மேல்தான் விழும். ஐந்தாறு களைகளைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கையில் கர்ப்பூரம் மணத்தது.

எறிந்ததைப் பொறுக்கிப் பார்த்தேன். விரற்கடை உயரம், சாம்பல் பூத்த இலை. முந்திய ஆண்டு சட்டியில் நின்ற செடி, தன் பஞ்சுப் பூக்களோடு விதைகளைக் காற்றிலே விட்டிருக்கிறது. மண்ணே இல்லாத, எருவே அறியாத, நாங்கள் செருப்போடு ஏறி இறங்கும் வெடிப்புகளிலே அவை முளைத்திருக்கின்றன. நான் பிடுங்கியவை நான்கு. அவற்றைத் திரும்ப நட்டும் ஒன்றும் பிழைக்கவில்லை. கைபடாமல் எஞ்சியவை இரண்டு: ஒன்பதாம் படியில் ஒன்று, மதிலும் படியும் சந்திக்கும் மூலையில் ஒன்று.

அன்றிலிருந்து என் அன்னையார் பிரம்பு நாற்காலியைப் படிக்கு மேலே போட்டுக்கொண்டு காவல் இருந்தார். ஒன்பதாம் படியை எல்லோரும் தாண்டியே மிதிக்க வேண்டும். தபாற்காரருக்கும் அதே சட்டம். என் மனைவி விளக்குமாற்றை எடுத்தால் அன்னையாரின் குரல் முதலில் எழும். தண்ணீர் விடலாமா என்று நான் ஒருநாள் கேட்டபோது, “நீ ஒண்ணும் செய்யாம இரு, தம்பி. அதுவே போதும்” என்றார்.

வீட்டிலே இதை வளர்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் ஏறக்குறைய அதுதான். பெயர்த்து நடாதீர்கள். முற்றிய கதிர்களைக் கசக்கி, வெயில் விழும் சரளை நிலத்திலோ கல்லடுக்கு மதிலின் இடுக்கிலோ தூவிவிடுங்கள், மண் மூடவேண்டாம். முளை தெரியும்வரை தெளித்தாற்போல நீர். அதன் பிறகு மழை தருவது போதும். பூத்தபின் நுனிகளை ஒடித்துவிட்டால் செடி அடர்ந்து கிளைக்கும்.

2025ஆம் ஆண்டுப் போகி, ஜனவரி 13ஆம் தேதி. மார்கழி மழை ஓய்ந்து நல்ல வெயில். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கத்திலே வேப்பிலை விற்றார்கள்; வாங்கி வந்தேன். ஒன்பதாம் படிச் செடி ஒரு முழம் வளர்ந்து வெள்ளிக் குஞ்சம் போல நின்றது. அன்னையார் படியில் உட்கார்ந்து, தம் கையாலேயே ஆறு கதிர்களை ஒடித்தார். மூலைச் செடியைத் தொடவில்லை; அது விதைக்கு என்றார். ஆவாரம்பூவுக்குத்தான் வழியில்லை. காட்டுச் சூரியகாந்தி பறித்து வரட்டுமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கையில், மதிலுக்கு மேலாக ஒரு கை நீண்டது. கையில் ரணவரா டப்பா.

உலர்ந்த பூவைக் கொத்தாகக் கட்ட முடியாது, தொட்டால் உதிர்ந்தது. அன்னையார் பழைய சேலைத் தலைப்பில் ஒரு துண்டைக் கிழித்து, ஒரு பிடி பூவை அதில் முடிந்து, வேப்பிலைக்கும் பூளைக்கும் நடுவிலே வைத்துக் கட்டினார். நான் நாற்காலியில் ஏறி நிலைக்கு மேலே செருகினேன்.

மாலையில் கோத்தகிரிக்குப் பேசினோம். இம்முறை அன்னையார் தாமே தொலைபேசியை வாங்கி வாசற்பக்கம் திருப்பினார். பெரியம்மாவுக்கு இப்போது கண் மங்கல். முகத்தைத் திரையருகே கொண்டுவந்து நெடுநேரம் பார்த்தார்.

“பூளை தெரியுது. வேப்பிலை தெரியுது. ஆவாரம்பூ எங்கடி?”

“முடிச்சுக்குள்ள இருக்குக்கா” என்றார் என் அன்னையார்.